மறதியும் மறதிநோயும்

நினைத்தலும் மறத்தலும் உயிர்கட்கு இயல்பு. மறதி கண்ட இடமெல்லாம் நோயென்று அஞ்சுவார் ஒருசாரார். எத்துணை மறப்பினும் முதுமையின் செயலென்று அமைவார் மற்றொருசாரார். முதுமையில் வரும் மறதி ஒரு தன்மைத்தன்று என்பதனை இவ்விருவரும் ஆராய்ந்திலர். இயல்பான மறதி வேறு. நோயின் முதற்குறியாகிய மறதி வேறு. இவற்றைப் பிரித்தறிதல் மருத்துவர்க்கே உரியதென இல்லத்தார் வாளாவிருத்தல் தகாது. அது முதியோர்மாட்டு அவர் செய்யக் கடவதாகிய அறத்தின் பாற்படும்.

முதற்கண் இயல்பான மறதியை நோக்குவாம். ஆண்டு முதிருந்தோறும் கண்ணொளி மங்குதலும் நடை தளர்தலும் போல, நினைவைத் தேடியெடுக்கும் விரைவும் குறைகின்றது. அறிந்தவர் பெயர் நாவில் வாராது நின்று, சிறிது பொழுது கழித்துத் தானே வரும். மூக்குக்கண்ணாடி வைத்த இடம் மறந்துபோம். சென்ற இடங்களை எண்ணிப் பார்க்கக் கிடைக்கும். திருமுறை ஓதும் முதியார் ஒருவர் பதிகத்தினிடையே ஓரடி மறந்து நிற்பின், பக்கத்திலிருப்பார் முதற்சொல்லை எடுத்துக்கொடுத்த அளவில் எஞ்சியதனை முழுதும் ஓதிவிடுவர். ஈண்டுப் பொருள் களஞ்சியத்தின்கண் உளது. எடுக்குங் கையே தாழ்க்கின்றது. சொல்வளமும் உலகியலறிவும் இப்பருவத்துப் பெரும்பாலுங் குன்றா.

நோயினால் வரும் மறதியோ வேறு. மறதிநோய் வகைகளுட் பெரும்பான்மையாகக் காணப்படுவது அல்சைமர் நோய். புதிய செய்திகளைப் பதித்தற்குக் கருவியாகிய ஹிப்போகாம்பஸ் என்னும் மூளைப்பகுதி அதன்கண் முற்படத் தாக்குண்ணும். பொருள் களஞ்சியத்துட் புகாதவிடத்து எடுத்தல் யாங்ஙனம்? ஆதலின் உண்டு சிறிது பொழுதில் ‘உண்டிலேன்’ என்பர். விடை பெற்ற வினாவையே மீட்டும் மீட்டும் வினவுவர். குறிப்பு எடுத்துக்கொடுப்பினும் நினைவு எழாது. நெடுநாட் பழகிய தெருவில் வழி தடுமாறுவர். நாடோறுஞ் சமைத்தவர் சமையல் முறை பிறழ்வர். காசு எண்ணிக் கொடுத்தலும் அரிதாகும். மறந்தேன் என வருந்துவார் தம் மறதியைத் தாமே அறிகின்றனர். நோயுற்றாரோ பலகாலும் மறந்ததனையே மறப்பர். அதனை முதலிற் காண்பார் உடன்வாழ்வோரே.

செருமனி நாட்டுப் பிராங்பர்ட் நகரில், 1901-ஆம் ஆண்டு, அலோயிஸ் அல்சைமர் என்னும் மருத்துவர் நினைவு சிதைந்த ஒரு பெண்மணியைக் கண்டார். அவர்க்கு அகவை 51 ஆதலின், முதுமையின்மேற் பழியேற்ற இடமில்லாதாயிற்று. 1906-இல் அவர் இறந்தபின் மூளையை ஆராய்ந்து, அதன்கட் படிந்த திட்டுக்களையும் நரம்பணுக்களினுள் முறுக்குண்ட இழைகளையும் மருத்துவர் கண்டு, அவ்வாண்டே அறிஞரவையில் உரைத்தார். முதுமையென்றே தள்ளப்பட்ட முதியோர் நினைவுச்சிதைவிற் பெரும்பகுதியும் இந்நோயே என்பது பல்லாண்டு கழித்தே தெளியப்பட்டது.

அற்றேல், இளமையிற் கற்ற பதிகங்களைப் பிழையின்றி ஓதுவாரை நோயுடையார் என்றல் பொருந்துமோ எனின், பொருந்தும் என்க. பண்டு ஊன்றிய நினைவும் இசையொடு பயின்ற பாட்டும் நோய் தொடங்கிய பின்னும் நெடுநாள் நிற்கும். ஆதலின் பாட்டு மறவாமை நோயின்மைக்குச் சான்றாகாது. அன்று காலை நிகழ்ந்ததனை அவர் அறிகின்றாரா என்பதே நோக்கற்பாலது.

இனி, நோய்க்குறி போலத் தோன்றுவன எல்லாம் தீராதனவும் அல்ல. வைட்டமின் பி12 குறைதல், தைராய்டுச் சுரப்புக் குறைதல், மனச்சோர்வு, சில மருந்துகள் என்றிவற்றாலும் நினைவு குன்றும்; இவற்றிற் பல திருத்தற்குரியன. செவி மந்தமாயினார் கேளாததனை மறந்தாரெனக் கொள்ளுதலும் உண்டு. சில நாளிலேயே திடீரென மயங்குதல் காய்ச்சல் முதலியவற்றால் நிகழ்வதாகலின் அன்றே மருத்துவரை நாடுக. இயல்புக்கும் நோய்க்கும் இடைப்பட்ட நிலையும் ஒன்றுண்டு. அந்நிலையினர் அனைவரும் நோயெய்துவார் அல்லர்.

மனம், புத்தி, அகங்காரம், சித்தம் என்னும் அந்தக்கரணங்கள் உயிர்க்குக் கருவிகளேயன்றி உயிரல்ல என்பது சித்தாந்த நூற்றுணிபு. கருவி பழுதுற்றமையால் உயிரின் மேன்மை குறையாது. கண்ணிழந்தாரைக் குற்றமுடையார் என்பார் இலர். தாம் வைத்த பணப்பையை மறந்து, ‘மருமகள் எடுத்தாள்’ என முதியவள் ஒருத்தி பழிகூறின், அது வஞ்சமன்று. நினைவின் இடைவெளியை நோய் அவ்வாறு நிரப்பியது. அதனை அறியாது சினந்து மறுமொழி கூறும் இல்லத்தார் நோயொடு பொருகின்றோம் என்று நினையாது, நோயுற்றாளொடு பொருகின்றனர்.

ஆகவே செய்யத்தகாதன இரண்டு. ஒரு பெயரை மறந்தாரிடத்தினின்று பெட்டிச் சாவியைப் பறித்தல் ஒன்று. வழி மறந்தாரை ‘வயதாயிற்று’ என்று கைவிடுதல் மற்றொன்று. முன்னது உரிமையைக் கவர்கின்றது. பின்னது காலத்தைக் கவர்கின்றது. அல்சைமர் நோயை முற்றுங் களையும் மருந்து இன்றில்லை. எனினும் தொடக்கத்தே தெளிந்தால், தம் பொருள் யார்க்கு, தம்மைப் பேணுவார் யார், தாம் விரும்பும் வாழ்வு யாது என்பவற்றை அறிவு நிற்கும்போதே அம்முதியவர் தம் வாயாற் கூறுதற்கு இடமுண்டாம். காலந்தாழ்ப்பின் அவர்பொருட்டுப் பிறர் பேசுவர். அவர் சொல்லை அவர்க்கே உரியதாக்குதற்பொருட்டு, மறதியை வேறுபிரித்தறிதல் உடன்வாழ்வார்க்குக் கடனாம்.