தொட்டிச் செடியும் கீழ்வீட்டுக் கொடியும்

மாடி வீடுகளில் வாழ்வோர் பலர் மன அமைதி நாடித் தொட்டிகளில் செடி வளர்க்கின்றனர். அவ்வாறு கிடைக்கும் அமைதி மெய்யான அமைதிதானா? இவ்வினா என்னுள் எழுந்தது நூல்களைப் படித்ததால் அன்று. கீழ்வீட்டு அம்மையாரின் புடவையில் விழுந்த செம்மண் கறையால்.

சென்னையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாம் தளத்தில் வசிக்கிறேன். மூன்றடி அகலமுள்ள பால்கனியில் ஒன்பது மண்தொட்டிகள். கறிவேப்பிலை, கற்பூரவல்லி, செம்பருத்தி, இரண்டு மல்லிகை. மற்றவற்றில் பருவத்திற்கேற்பக் கத்தரியோ தக்காளியோ. காலைத் திருப்பலி முடிந்து வந்ததும் அரைமணி நேரம் அவற்றோடு இருப்பேன். அந்த அரைமணியில் என் மனம் அடங்கியதென்னவோ உண்மை.

நிலத்தில் நிற்கும் மரம் தனக்கு வேண்டிய நீரைத் தேடித் தானே வேரோட்டும். தொட்டிச் செடிக்கு அந்த உரிமை இல்லை. அதன் உலகம் இரண்டு சாண் ஆழத்தில் முடிந்துவிடுகிறது. எனவே அதை வளர்ப்பவரின் பொறுப்பு பெரிது. ஆயின் பொறுப்புணர்ச்சி அளவு மீறினாலும் கேடே. தொடக்கத்தில் என்னிடம் மடிந்த செடிகளில் பல தாகத்தால் மடியவில்லை. என் அன்பால் மடிந்தன. நீர் தேங்கிய மண்ணில் காற்றின்றி வேர் அழுகுகிறது. விந்தை என்னவெனில், நீரின்றி வாடும் செடியும் நீர் மிகுந்து வாடும் செடியும் ஒன்றுபோலவே தலைசாய்க்கின்றன. இலையைப் பார்த்து முடிவு செய்யக்கூடாது; மண்ணில் விரலை விட்டுப் பார்த்தே அறிய வேண்டும். இந்தச் சமநிலையைக் கற்றுக்கொண்டதில் எனக்குச் சற்றுப் பெருமையும் இருந்தது.

2019ஆம் ஆண்டுக் கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய ஏரிகள் நான்கும் வறண்டன. சூலையில் சோலையார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. முதல் ரயில் கொண்டுவந்தது 25 இலட்சம் லிட்டர். எங்கள் குடியிருப்பில் லாரித் தண்ணீரைக் குடக் கணக்கில் பங்கிட்டுக்கொண்டோம். செடிகளுக்கு அரிசி களைந்த நீரையும் காய்கறி கழுவிய நீரையுமே ஊற்றினேன். யாருடைய பங்கையும் நான் எடுக்கவில்லை என்று என் மனச்சான்று தெளிவாக இருந்தது. அந்தத் தெளிவே என்னைக் கெடுத்தது எனலாம். மிகவும் காய்ந்த மண் சுருங்கித் தொட்டியின் சுவரை விட்டு விலகிவிடும். ஊற்றும் நீர் வேரில் நில்லாமல் அவ்விடைவெளி வழியே ஓடி அடித்துளையில் வழிந்துவிடும். வழிந்தது எங்கே போகிறது என்று நான் கேட்டதே இல்லை.

ஒருநாள் கீழ்வீட்டு அம்மையார் ஈரப் புடவையோடு படியேறி வந்தார். புடவை முழுதும் செந்நிறக் கோடுகள். "இருந்த ஒரு குடத்தில் அலசியது, சார். மறுபடி அலச நான் எங்கே போவேன்?" என்றார். நான் தலைகுனிந்திருக்க வேண்டும். மாறாக, "வாயில்லாத செடிக்கு ஊற்றுவதும் குற்றமா?" என்று கேட்டேன். அவர் மறுமொழி கூறாமல் இறங்கிப் போனார். மறுநாளும் மல்லிகை பூத்தது. கீழே கொடி வெறுமையாய்க் கிடந்தது. அன்று செடிகளின் நடுவே என்னால் நிற்க முடியவில்லை.

சில சொட்டு நீருக்கு இத்தனை ஆராய்ச்சியா என்று கேட்கலாம். அடுக்குமாடியில் ஒருவரின் தரை மற்றவரின் கூரை. அங்கே அறம் பெரும்பாலும் சொட்டுக் கணக்கில்தான் வருகிறது.

தொடக்க நூலின் இரண்டாம் அதிகாரத்தில் ஆண்டவர் மனிதனை ஏதேன் தோட்டத்தில் வைத்தது அதைப் பண்படுத்திக் காப்பதற்காக. அங்கே காத்தலைக் குறிக்கும் எபிரேய வினைச்சொல் 'ஷாமர்'. நான்காம் அதிகாரத்தில் ஆபேலைக் கொன்ற காயின், தம்பியைக் காப்பது தன் வேலையா என்று கடவுளிடமே எதிர்க்கேள்வி கேட்கிறான். அங்கும் அதே சொல். முன்பே அறிந்த செய்திதான், அன்றுதான் சுட்டது. காயினும் நிலத்தைப் பயிரிட்டவனே என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். தன் விளைச்சலைக் கடவுளுக்குக் காணிக்கையாகவும் கொண்டுவந்தவன் அவன். மண்ணோடு பழகும் கை, அதனாலேயே உடன்பிறப்பிடம் மென்மையாகிவிடுவதில்லை. விவிலியம் 'ஷாலோம்' என்று சொல்லும் அமைதி ஓசையற்ற நிலை மட்டும் அன்று. உறவுகள் செம்மையாக இருக்கும் நிலை. நெருக்கமான குடியிருப்புகளின் மூச்சுத் திணறலை அண்டை அயலாரின் அன்புறவு தணிக்கும் என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட 'லவுதாத்தோ சீ' சுற்றுமடலில் எழுதினார். அவர் செடிகளை வெறுத்தவர் அல்லர். ஆயினும் அவ்விடத்தில் மனிதரையே மருந்தாகக் காட்டுகிறார்.

காணிக்கையைப் பீடத்தின்முன் வைத்துவிட்டு, முதலில் போய் உறவைச் சரிசெய்துகொள்ளச் சொல்லும் மலைப்பொழிவுப் பகுதி எனக்கு மனப்பாடம். எனினும் இரண்டு மாடி இறங்க எனக்கு நான்கு நாட்கள் ஆயின. அம்மையார் கதவைத் திறந்தார். நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டார். மன்னித்துவிட்டேன் என்று சொல்லவில்லை. "சரி, சார்" என்றார், அவ்வளவே. அதற்குமேல் எதிர்பார்க்க எனக்கு உரிமையும் இல்லை.

இப்போது ஒவ்வொரு தொட்டியின் அடியிலும் ஒரு தட்டு இருக்கிறது. தட்டில் நீர் நின்றால் கொசு முட்டையிடும்; டெங்கு பயத்தால் அதையும் அன்றாடம் கவிழ்த்தாக வேண்டும். என் அரைமணி முக்கால்மணி ஆகிவிட்டது. ஊற்றுமுன் கொடியில் துணி இருக்கிறதா என்று எட்டிப் பார்க்கிறேன். இருந்தால், செடிகள் மாலைவரை காத்திருக்கின்றன.