ஒரு கையில் புத்தகம்

வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம், என் இடது கை இயந்திரத்துக்குச் சொந்தம். டயாலிசிஸ் ஊசி ஏற்றுவதற்காக ரத்தக் குழாய்களை இணைத்துப் பிஸ்டுலா போட்ட கை அது. இரண்டு ஊசிகள் ஏறியபின் அதை அசைக்கக் கூடாது. கொஞ்சம் மடக்கினாலும் டயாலிசிஸ் இயந்திரம் கத்தத் தொடங்கிவிடும். மிச்சமிருக்கிற வலது கையால்தான் ஆறு வருடமாகப் படிக்கிறேன்.

ஒரு கையால் படிப்பது ஒரு பழக்கம். கட்டை விரல் ஒரு பக்கத்தை அமுக்க, சுண்டு விரல் மறுபக்கத்தைத் தாங்க வேண்டும். தாளைத் திருப்பப் புத்தகத்தை வயிற்றின்மேல் சாய்த்துக்கொள்ள வேண்டும். கெட்டி அட்டை ஆகாது. இருநூறு பக்கத்துக்கு மேல் போனால் மணிக்கட்டு வலிக்கும். முதல் இரண்டு மணி நேரம் நன்றாக ஓடும். மூன்றாவது மணியில், உடம்பிலிருந்து நீர் இறங்க இறங்க, ரத்த அழுத்தமும் இறங்கும். எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும், கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். அப்போது மூடி வைத்துவிட வேண்டும். வீட்டுக்கு வந்தபின் அன்று இரவு செய்தித்தாள் தலைப்புகூட மனதில் நிற்காது.

பார்க்க வருகிறவர்கள் புத்தகம் கொண்டுவருவது உண்டு. பெரும்பாலும் நோயை வெல்வது எப்படி, மனஉறுதியை வளர்ப்பது எப்படி என்று சொல்லும் புத்தகங்கள். கொடுத்தவர்களின் அன்பில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் அவற்றைத் திறந்தால் என் நோய்தான் மறுபடி என் முன்னால் வந்து உட்காருகிறது. காலையில் கட்டிலில் ஏறும்போது ஒருமுறை, இறங்கும்போது ஒருமுறை எடை பார்க்கிறார்கள். ரத்த அழுத்தம் குறிக்கிறார்கள். பொட்டாசியம் எவ்வளவு, ஹீமோகுளோபின் எவ்வளவு என்று எழுதுகிறார்கள். நாள் முழுக்க உடம்பாக மட்டுமே இருந்துவிட்டு, படிக்கும்போதும் உடம்பாகவே இருக்க முடியவில்லை.

இதை எனக்குத் தெளிவாக்கியவர் பக்கத்துக் கட்டில் அண்ணாச்சி. திருநெல்வேலி–கோவில்பட்டி தடத்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். சர்க்கரை நோய் முதலில் அவர் கண்ணைக் கொண்டுபோனது, அப்புறம் சிறுநீரகத்தை. ஒருநாள் அவராகவே கேட்டார்: “தம்பி, தாள் திருப்புத சத்தம் கேக்கு. என்னது படிக்கீங்க?”

உடம்பைப் பற்றி இல்லாமல் அந்த வார்டில் என்னிடம் ஒருவர் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

கி. ராஜநாராயணனின் ‘கதவு’ என்றேன். எந்த ஊர்க்காரர் என்று கேட்டார். இடைசெவல் என்றேன். “இடைசெவலா! அந்த ஊருக்கு எத்தனை டிக்கெட் கிழிச்சிருப்பேன். சத்தமா வாசிங்க, கேப்போம்” என்றார்.

கதையின் தொடக்கத்தில் குழந்தைகள் வீட்டுக் கதவில் ஏறி நின்று பஸ் விளையாட்டு விளையாடுகிறார்கள். டிக்கெட் கொடுத்து ஆட்டம் நடக்கிறது. அந்த இடத்தை வாசித்துக்கொண்டிருந்தபோது அண்ணாச்சியின் வலது கை போர்வைக்கு வெளியே வந்தது. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றையொன்று உரசின, டிக்கெட் கிழிப்பதுபோல. அவர் முகம் மேலே பார்த்தபடி இருந்தது.

பிறகு தீர்வை பாக்கிக்காகத் தலையாரி அந்தக் கதவைக் கழற்றிக்கொண்டு போகிறான். கதவில்லாத வீட்டுக்குள் குளிர்காற்று புகுகிறது. கைக்குழந்தை இறந்துபோகிறது. எங்கள் வார்டிலும் எப்போதும் குளிர்தான். இருவரும் கழுத்துவரை போர்த்தியிருந்தோம். நோயில் கிடக்கிற மனிதருக்கு ஒரு சாவை வாசித்துக் காட்டலாமா என்று எனக்குத் தயக்கம். இரண்டு பத்தியைத் தாண்டிவிடலாம் என்று நிறுத்தினேன்.

“ஏன் நிறுத்திட்டீங்க? பிள்ளைக்கு ஏதோ ஆயிட்டு, அதான? வாசிங்க தம்பி. நமக்குத் தெரியாததா” என்றார்.

வாசித்தேன். குழந்தைகள் தங்கள் கதவை மறுபடி கண்டு கட்டிக்கொள்ளும் கடைசி இடம்வரை வாசித்தேன். அவர் ஒன்றும் பேசவில்லை. ஊசி கழற்ற வந்த டெக்னீஷியன் பெண்ணிடம், “எம்மா, கதவுன்னு ஒரு கதை. நீ கேட்டிருக்கியா?” என்று ஆரம்பித்தார். பஞ்சை அழுத்திப் பிடித்திருந்த அந்தப் பத்து நிமிடத்தில் கதையை முழுசாகச் சொல்லி முடித்தார். அடுத்த வாரத்துக்குள் வார்டில் நான்கைந்து பேருக்கு அந்தக் கதை தெரிந்துவிட்டது.

அன்று எனக்கு இரண்டு விஷயங்கள் புரிந்தன. நோயாளியைத் துக்கத்திலிருந்து காப்பாற்ற வேண்டியதில்லை. அது அவருக்குப் பழகிய ஊர். அடுத்தவர் துக்கத்தைக் கேட்கும்போது தன் துக்கத்திலிருந்து அவருக்குக் கொஞ்சம் விலகல் கிடைக்கிறது.

இரண்டாவது இதைவிடப் பெரியது. நெடுநாள் நோயில் இருப்பவர் எந்நேரமும் வாங்கிக்கொள்கிறவராகவே ஆகிவிடுகிறார். மருந்து, பணம், சோறு, ஆறுதல், கைத்தாங்கல் எல்லாம் பிறரிடமிருந்து வருகின்றன. நன்றி சொல்லிச் சொல்லியே மனம் கூனிப்போகிறது. ‘இதைப் படித்துப் பாருங்கள்’ என்று ஒரு புத்தகத்தைச் சொல்லும்போது அவர் கொடுக்கிறவர் ஆகிறார். அன்று கதை சொன்ன அண்ணாச்சியின் குரலில் பேருந்தை நடத்திய மனிதரை நான் கேட்டேன்.

எழுத்தாளர் கு.ப. ராஜகோபாலனுக்குக் கண்புரையால் பார்வை போயிருந்த காலத்தில், அவர் சொல்லச் சொல்ல எழுதியவர் தங்கை சேது அம்மாள். அந்தத் தங்கையும் பின்னர் சிறுகதை எழுத்தாளர் ஆனார். நோய் ஒரு கதவை அடைக்கும்போது பக்கத்தில் ஒருவர் இருந்தால் எழுத்து வேறு வழியாகப் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

என்ன படிக்கலாம் என்று என்னைப் போன்றவர்கள் கேட்டால் முதலில் சிறுகதைகளைச் சொல்வேன். நீளமாக வேண்டுமென்றால் கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’. 1950 முதல் வாரப் பத்திரிகைத் தொடராக வந்தது என்பதால் அத்தியாயங்கள் ஒரே மூச்சில் படிக்கத் தோதானவை. இருபது நிமிடம்தான் மனம் நிற்கும் என்றால் அந்த இருபது நிமிடத்துக்கு ஓர் அத்தியாயம் போதும். கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆனவை, மதுரைத் திட்டம் போன்ற இடங்களில் இலவசமாகக் கிடைக்கும். அலைபேசியில் எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம், கைக்கும் கனமில்லை.

இப்போது நான் படிப்பது அசோகமித்திரனின் ‘தண்ணீர்’. சென்னைத் தெரு ஒன்றில் குடத்தோடு அலைகிறவர்களின் நாவல். எனக்கோ ஒரு நாளைக்குக் குடிக்க அனுமதி ஒரு லிட்டர். காபி, ரசம், மாத்திரை விழுங்கும் மடக்கு எல்லாம் அதற்குள். ஆனால் ஒருமுறை டயாலிசிஸ் முடிவதற்குள் நிமிடத்துக்கு அரை லிட்டர் வீதம் 120 லிட்டர் சுத்திகரித்த நீர், மருந்துக் கரைசலாகி, என் ரத்தத்தை ஒட்டி ஓடிப் போகிறது. அந்த ஓட்டத்தைக் கேட்டுக்கொண்டே அந்த நாவலைப் படிக்கிறேன். தாகம் அடங்கவில்லை. ஆனால் ஓர் ஊரே என்னோடு சேர்ந்து தாகமாக இருக்கிறது. அண்ணாச்சிக்கும் டயாலிசிஸ் நாளெல்லாம் பத்துப் பக்கம் வாசிக்கிறேன்.

உங்களுக்குத் தெரிந்த ஒருவர் நெடுநாள் நோயில் இருந்தால், அடுத்த முறை போகும்போது உடம்பை விசாரித்தபின் இன்னொன்றும் கேளுங்கள்: ‘இப்ப என்ன படிக்கிறீங்க?’ படிக்க முடியாதவர் என்றால் அரை மணி நேரம் வாசித்துக் காட்டுங்கள். அவர் ஒரு புத்தகத்தின் பெயரைச் சொன்னால் தலையாட்டிவிட்டு மறந்துவிடாதீர்கள். அதை வாங்கிப் படியுங்கள், படித்ததைத் திரும்பப் போய் அவரிடம் சொல்லுங்கள். அவர் அதற்காகக் காத்திருப்பார்.