வராதவர்களின் ஆட்சேபணை

ஒரு ஊர் தன் நிலத்தை என்ன செய்வது என்று கூடித் தீர்மானிக்கும்போது, அந்தக் கூட்டத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நாம் கேட்பதில்லை. ஊர்க்காரர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், வேறு யார் உட்கார வேண்டும்? ஜனநாயகத்தின் ஆகச் சிறிய, ஆகச் சுத்தமான வடிவம் என்றுகூட இதைச் சொல்லிவிடலாம். எனக்கு அந்த 'வேறு யார்' என்பதில்தான் சந்தேகம். நிலத்தைப் பற்றிய தீர்மானம் தெருவிளக்கைப் பற்றிய தீர்மானம் போன்றதல்ல. நாளைக்கு யார் அந்த ஊர்க்காரர் ஆகலாம், யார் ஆகக்கூடாது என்பதையும் அது சேர்த்தே தீர்மானித்துவிடுகிறது. அதனால் அதிகம் பாதிக்கப்படுகிறவர் கூட்டத்தில் இருக்கவே முடியாத ஒருவர். அங்கே இல்லாதவருக்கு அங்கே இருப்பவர்கள் கடமைப்பட்டவர்களா என்பது என் கேள்வி.

இதை அந்தரத்தில் வைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. நம் தத்துவக் கட்டுரைகளுக்கு அந்தப் பழக்கம் ஏற்கெனவே அதிகம். ஸ்தூலமாக ஒரு ஊரை எடுத்துக்கொள்கிறேன். அமெரிக்காவில் நியூ ஜெர்ஸி மாநிலத்தில் இருக்கும் மவுண்ட் லாரல். பரப்பு 22 சதுர மைல். 1950-இல் 2,817 பேர் இருந்த விவசாய ஊர், 1970-இல் 11,221 பேர் கொண்டதாக வளர்ந்தது. நெடுஞ்சாலைகள் வந்தன, வயல்கள் வீட்டுமனைகளாயின. 1964-இல் ஊர் தனக்கென நில உபயோக விதிகளைச் செய்துகொண்டது. கிட்டத்தட்ட 29 சதவீத நிலம் தொழிற்சாலைகளுக்கு என்று ஒதுக்கப்பட்டது. அதில் உண்மையில் தொழிற்சாலைகள் எடுத்துக்கொண்டது 100 ஏக்கர்கூட இல்லை. மிச்ச நிலத்தில் பெரும்பகுதி வீடுகளுக்கு. ஆனால் வீடு என்றால் ஒரு குடும்பத்துக்கு ஒரு தனி வீடு. மனை குறைந்தது 9,375 சதுர அடி இருக்க வேண்டும், அதாவது நம் கணக்கில் ஏறக்குறைய 4 கிரவுண்டு. சில பகுதிகளில் அரை ஏக்கர். கட்டிடம் குறைந்தது 1,100 சதுர அடி.

ஏழைகள் வரக்கூடாது என்று அந்த விதிகளில் ஒரு வரி கிடையாது. கறுப்பர்கள் என்ற சொல்லும் கிடையாது. இருந்ததெல்லாம் சதுர அடி.

பிற்பாடு சில பெரிய குடியிருப்புத் திட்டங்களில் அடுக்குமாடி வீடுகளுக்கு அனுமதி கொடுத்தார்கள். அதற்குப் போட்ட நிபந்தனை ஒன்று கவனிக்கத் தக்கது. வீட்டுக்குச் சராசரியாக 0.3-க்கு மேல் பள்ளிப் பிள்ளைகள் வந்துவிட்டால், அவர்களுடைய படிப்புச் செலவைக் கட்டிடம் கட்டியவர் ஏற்க வேண்டும். அங்கே பள்ளிச் செலவின் பெரும்பகுதி அந்தந்த ஊரின் சொத்து வரியிலிருந்து வருகிறது. சின்ன வீடு கட்டுகிற குடும்பம் கொஞ்சம் வரி கட்டி, நிறையப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும். எனவே குழந்தை என்பது பேரேட்டில் பற்று. வங்கியில் வேலை பார்க்கிற எனக்கு இந்தப் பாஷை புரிகிறது. இதைப் பேசுகிறவன் கொடியவனாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை என்பதும் புரிகிறது.

எதல் லாரன்ஸ் என்ற கறுப்பினப் பெண்மணியின் முன்னோர்கள் பல தலைமுறைகளாக அந்த ஊரில் வாழ்ந்தவர்கள். அங்கிருந்த கறுப்பர்களில் மிக ஏழையானவர்கள் பழைய கோழிக் கொட்டகைகளை வீடாக மாற்றிக் குடியிருந்தார்கள். மனிதர் வாழத் தகுதியற்றவை என்று சொல்லி ஊராட்சி அவற்றைக் காலி செய்யச் சொன்னது. தகுதியற்றவைதான், அதில் பொய்யில்லை. அதற்குப் பதிலாகக் குறைந்த வாடகையில் 36 வீடுகள் கட்ட அனுமதி கேட்டார்கள். 1970-இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கறுப்பர்களின் தேவாலயத்துக்கே வந்து ஊராட்சித் தலைவர் பதில் சொன்னார்: இந்த ஊரில் வாழ உங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை என்றால் நீங்கள் போய்விட வேண்டியதுதான். 1971-இல் வழக்குத் தொடர்ந்தார்கள்.

1975-இல் மாநில உச்ச நீதிமன்றத்தில் தீர்ப்பு எழுதியவர் நீதிபதி ஃபிரெடரிக் ஹால். அவர் செய்த ஒரு காரியம் தத்துவரீதியில் எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஊராட்சியின் உள்நோக்கத்தைத் தோண்டிப் பார்க்க அவர் முற்படவில்லை. இன வெறுப்பு இல்லை, வரிக் கணக்குத்தான் காரணம் என்று அவர்கள் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டார். எடுத்துக்கொண்டு, அப்படியும் இது தவறு என்றார். வளரும் நிலையிலுள்ள ஒரு ஊர் தன் எல்லைக்குள் இருப்பவர்களின் நலனை மட்டும் பார்க்க முடியாது. சுற்றுவட்டாரத்தில் வீடு தேடுகிறவர்களின் தேவையில் தன் நியாயமான பங்கை ஏற்க வேண்டும். வழக்குத் தொடர்ந்தவர்களில் அந்த ஊரைவிட்டுப் போனவர்களும், ஒருபோதும் அந்த ஊரில் இருந்திராதவர்களும் உண்டு. அவர்களுக்கும் அங்கே பேச்சுரிமை உண்டு என்று நீதிமன்றம் ஏற்றது.

நம்முடைய தார்மீகப் பேச்செல்லாம் மனத்தைப் பற்றியது. கெட்டவன் ஒருவன் வேண்டும், அவனுக்கு ஒரு கெட்ட எண்ணம் வேண்டும், அப்போதுதான் நமக்குத் தவறு தவறாகத் தெரிகிறது. நம் நாவல்கள் பாதி இதனால்தான் கெட்டுப்போயின. மவுண்ட் லாரலில் தேடினாலும் அந்தக் கெட்டவன் கிடைக்க மாட்டான். தன் பிள்ளையின் பள்ளிக்காக, தன் வீட்டின் விலைக்காக, தன் தெருவின் அமைதிக்காகக் கை தூக்கிய நல்ல மனிதர்கள்தான் கிடைப்பார்கள். விலக்கப்பட்டவர்கள் இருக்கிறார்கள், விலக்கியவர் என்று ஒருவர் இல்லை.

தத்துவவாதிகள் இங்கே அவ்வளவாக உதவுவதில்லை. வழக்குத் தொடரப்பட்ட அதே 1971-இல் ஜான் ரால்ஸின் நீதி பற்றிய பெரிய நூல் வந்தது. நாம் யாராகப் பிறப்போம் என்று தெரியாத நிலையில் விதிகளைச் செய்தால் அவை நியாயமாக இருக்கும் என்பது அவர் யோசனை. அருமையான யோசனைதான். ஆனால் பிறப்பால் நுழைந்து இறப்பால் வெளியேறுகிற ஒரு மூடிய சமூகத்தை அவர் எடுத்துக்கொள்கிறார். கதவுக்கு வெளியே நிற்பவரின் பிரச்னை கதவு இருக்கும் சமூகத்தில்தான் வரும். அவருக்கு முன்பு, 1795-இல், காண்ட் இதைத் தொட்டிருக்கிறார். பூமி உருண்டை, மனிதர்கள் எல்லையின்றிச் சிதறிப்போக முடியாது, ஓர் இடத்தில் இருக்க ஒருவருக்கு இன்னொருவரைவிட ஆதியில் அதிக உரிமை கிடையாது. இவ்வளவு சொன்னவர், அந்நியனுக்குக் கொடுத்தது வந்து பார்க்கும் உரிமை மட்டும்தான். தங்கும் உரிமையைக் கொடுக்கவில்லை.

அப்படியானால் எவர் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் எதையும் கட்டலாமா? அப்படிச் சொல்ல எனக்கு வாய் வராது. ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் தோல் பதனிடும் ஆலைகள் பாலாற்றுக்கும் கிணறுகளுக்கும் என்ன செய்தன என்பதை அறிந்தவர்கள் நாம். ஏரிகளை மனைபோட்டு விற்றுவிட்டு, 2015-இல் சென்னை தண்ணீரில் மிதந்ததையும் பார்த்தவர்கள். நிலத்துக்கு விதி வேண்டும். கேள்வி, எந்த விதி என்பது.

அமெரிக்காவில் இந்த விதிகளுக்கு அரசியல் சட்ட அங்கீகாரம் கிடைத்தது 1926-இல், ஓஹியோ மாநிலத்தில் யூக்ளிட் என்ற சிற்றூரின் வழக்கில். க்ஷேத்திரகணித மேதையின் பெயர் கொண்ட ஊர். நிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரிக்கும் முறைக்கே அதன் பெயர் நிலைத்துவிட்டது. அந்தத் தீர்ப்பில் ஒரு உவமை உண்டு: சரியான பொருளே தவறான இடத்தில் இருந்தால் தொல்லையாகும், தொழுவத்தில் இருக்க வேண்டிய பன்றி கூடத்துக்கு வந்துவிட்டதைப் போல. புகை கக்கும் ஆலைக்கு இது பொருந்தும். ஆனால் அதே தீர்ப்பு தனி வீடுகளுக்கு நடுவே எழும் அடுக்குமாடிக் கட்டிடத்தை ஒட்டுண்ணியோடு ஒப்பிட்டது. எங்கே நழுவியது என்று பாருங்கள். ஆலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த வாக்கியம், நாம் கவனிக்காத ஒரு நொடியில் மனிதர்களைப் பற்றியதாகிவிட்டது. அடுக்குமாடியில் வசிப்பது புகையல்ல.

எனக்குத் தோன்றுகிற உரைகல் ஒன்றுதான். ஒரு விதியின் காரணத்தை, அந்த விதியால் தடுக்கப்படுகிறவரின் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியுமா? 'உன் ஆலைக் கழிவு என் கிணற்றுக்கு வரும்' என்று சொல்லலாம். அவருக்கும் கிணறு உண்டு, அவருக்குப் புரியும். 'இது ஏரி, மழைக்காலத்தில் நீ மூழ்குவாய்' என்று சொல்லலாம். 'உன் குழந்தை எங்களுக்குச் செலவு' என்று சொல்ல முடியாது. சொல்ல முடியாததால்தான் அதைச் சதுர அடியில் எழுதுகிறார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை ஊராட்சித் தலைவர் செய்தது ஒரு விதத்தில் நேர்மையான காரியம். விதி மறைத்துவைத்திருந்ததை அவர் வாய்விட்டுச் சொல்லிவிட்டார். சொல்லப்பட்டதும் அதை எதிர்த்து வழக்காட முடிந்தது.

தீர்ப்புக்குப் பிறகு நடந்தது வெற்றிக் கதை அல்ல. ஊர் அசையவில்லை. 1983-இல் இரண்டாவது தீர்ப்பு இன்னும் கடுமையாக வந்தது. 1985-இல் மாநிலம் ஒரு சட்டம் செய்தது. அதில் ஓர் ஏற்பாடு: ஒரு ஊர் தன் பங்கில் பாதிவரை வேறொரு ஊருக்குப் பணம் கொடுத்து மாற்றிவிடலாம். பெரும்பாலும் வசதியான புறநகர்கள் ஏழை நகரங்களுக்குக் கொடுத்தன. ஏழைகளை அவர்கள் இருக்கும் இடத்திலேயே இருக்க வைக்க, முறையாக ரசீது போட்டுப் பணம். 2008-இல்தான் இதை எடுத்தார்கள். எதல் லாரன்ஸ் 1994-இல் இறந்துபோனார். 1997-இல், ஊர்க்காரர்கள் திரண்டுவந்து எதிர்த்த கூட்டங்களுக்குப் பின், திட்டக் குழு அனுமதி கொடுத்தது. 2000-இல் அவர் பெயரில் வீடுகள் திறக்கப்பட்டன. கேட்ட 30 ஆண்டுக்குப் பிறகு.

டக்ளஸ் மாஸி என்ற சமூகவியலாளரும் உடனுழைத்தவர்களும் அந்தக் குடியிருப்பை ஆராய்ந்து 2013-இல் நூலாக வெளியிட்டார்கள். வீட்டு விலை விழவில்லை, குற்றம் பெருகவில்லை, வரி ஏறவில்லை என்று கண்டார்கள். சந்தோஷம். ஆனால் இந்த ஆதாரத்தின் மேல் சாய்ந்து நிற்க எனக்குத் தயக்கம். விலை விழுந்திருந்தால்? அப்போது அந்தப் பெண்மணி கேட்டது அநியாயம் ஆகியிருக்குமா? நஷ்டம் வராது என்று நிரூபித்துக் கதவைத் திறக்கச் செய்வது நியாயத்துக்குப் போடும் ஜாமீன். அடுத்த முறை ஜாமீன் கிடைக்காமல் போகலாம்.

இதையெல்லாம் அடுத்தவன் ஊர்ச் சமாசாரமாகப் படிக்க நமக்கு உரிமை இல்லை. ஊர் என்றும் சேரி என்றும் நிலத்தைப் பிரித்து, எந்தச் சட்டப் புத்தகத்திலும் எழுதாமலேயே இத்தனை நூற்றாண்டுகள் காப்பாற்றியவர்கள் நாம். யூக்ளிட் ஊர்க்காரர்கள் நம்மிடம் பாடம் கேட்டிருக்கலாம். இப்போது நமக்கும் எழுதிய விதிகள் உண்டு: 1971-ஆம் ஆண்டின் நகர், ஊரமைப்புச் சட்டம், உள்ளூர்த் திட்டக் குழுமங்கள், நகர் ஊரமைப்பு இயக்ககம். நெடுஞ்சாலையோரப் பலகைகளில் 'டி.டி.சி.பி. அப்ரூவ்ட்' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். நம்முடைய விதி ஏழையை வெளியே நிறுத்துவதில்லை. விதியின் பார்வை படாத இடத்தில் அவன் மனை வாங்கிக்கொள்கிறான். பிறகு காகிதம்தான் அவனை வெளியே நிறுத்துகிறது. என் மேஜைக்கு வரும் வீட்டுக்கடன் மனுக்களில் பட்டா இருக்கும், வில்லங்கச் சான்று இருக்கும், மனைப்பிரிவு அனுமதி இருக்காது. அனுமதியற்ற மனைகளைப் பதிவுசெய்ய 2016-இல் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. 2017-இல் பழைய மனைகளை வரன்முறைப்படுத்த விதிகள் வந்தன. கட்டணம் கட்டியவர்கள் உள்ளே வந்தார்கள். தடைக்கு நல்ல காரணம் இருந்தது, விளைநிலம் மனையாவதை நிறுத்த வேண்டும் என்பது. அது முகத்தைப் பார்த்துச் சொல்லக்கூடிய காரணம்தான். ஆனால் அனுமதி பெற்ற மனை ஒன்று, அவன் கூலிக்கு எட்டும் விலையில், அந்த ஊரில் எங்கே இருக்கிறது என்று அவன் திருப்பிக் கேட்டால் அதற்கும் அதே முகத்தைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும்.

நில உபயோகத்தை மாற்றும் அறிவிப்புகள் நம் தினசரிகளில் சின்ன எழுத்தில் வருகின்றன. சர்வே எண், பரப்பு, ஆட்சேபணை உள்ளவர்கள் இத்தனை நாளுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கலாம். அந்த நிலத்தில் நாளை வாழ முடியாமல் போகப்போகிறவர் இதைப் படிப்பதில்லை. அவர் இன்னும் அந்த ஊருக்கு வரவில்லை. சில சமயம் இன்னும் பிறக்கவுமில்லை. அவருடைய ஆட்சேபணையை உள்ளே இருக்கும் யாராவது, தன் ஆதாயத்துக்கு எதிராக, எழுதினால்தான் உண்டு. எந்தச் சட்டமும் ஒருவரை அப்படி எழுத வைக்க முடியாது. ஹால் 1962-இலேயே வேறொரு ஊரின் வழக்கில், நடமாடும் வீடுகளை ஊருக்குள் விடாத விதியை எதிர்த்து, பெரும்பான்மை நீதிபதிகளோடு உடன்படாமல் தன் கருத்தைத் தனியே எழுதினார். அன்று அதற்கு எந்த வலுவும் இல்லை. அது சட்டமாக 13 ஆண்டுகள் ஆயிற்று.