இளைத்துவிட்டீர்களே!

இளங்கலை இரண்டாம் ஆண்டு மாணவியருக்குக் குறுந்தொகை நடத்திக்கொண்டிருந்தேன். தலைவன் பிரிந்து போயிருக்கிறான். தலைவியின் தோள் மெலிகிறது, வளை கழல்கிறது, மேனியில் பசலை படர்கிறது. இருபது வருடமாக நடத்திவரும் பாடம். வளை நெகிழ்வதை விளக்கக் கையை உயர்த்தியபோது என் வளையல் உண்மையாகவே முழங்கைவரை சரிந்தது. வகுப்பே சிரித்தது. "மேடம், செமையா இளைச்சிட்டீங்க" என்றாள் முதல் வரிசையில் இருந்த ஒருத்தி. எனக்குப் பெருமையாக இருந்தது. பாடத்தைத் தொடர்ந்தேன்.

அன்று இரவுதான் அது உறுத்தியது. நான் கற்பிக்கும் மரபில் பெண் இளைப்பது துயரத்தின் அடையாளம். தோழி பதறுவாள். காரணம் தெரியாத தாய் வேலனை அழைத்து வெறியாட்டு நடத்துவாள். என் சிறுவயதில்கூட, விடுதியிலிருந்து ஊருக்குப் போனால் "இளைச்சுட்டியே" என்று தெருவே விசாரிக்கும். அந்த விசாரிப்பில் விடுதிச் சமையல்காரர்மீது ஒரு புகார் இருக்கும். சண்டையில் "நான் மட்டும் என்ன இளைச்சவளா?" என்று கேட்கிறவர்கள் நாம். தாழ்ந்துபோனவள், விட்டுக்கொடுத்தவள் என்ற பொருளெல்லாம் அந்தச் சொல்லுக்கு உண்டு. அது எப்போது வாழ்த்தாக மாறியது? அந்த வாழ்த்துக்கு நான் எப்போது ஏங்கத் தொடங்கினேன்?

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். நாற்பத்தாறாம் வயதில் என் எடை 78 கிலோ. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் பரிசோதனையில் 6.3 வந்தது. 6.5 என்றால் நீரிழிவு. அப்பாவுக்குச் சர்க்கரையால் ஒரு கால் போனதைப் பார்த்தவள் நான். மாவுச்சத்தைக் குறைக்கச் சொன்னார் மருத்துவர். நம் ஊரில் 'பேலியோ' என்று எல்லோருக்கும் தெரிந்த வகையில் தொடங்கினேன். அரிசி, கோதுமை, சர்க்கரை, கிழங்கு, பருப்பு எதுவும் கிடையாது. காலையில் பாதாம், மதியம் முட்டையும் காயும், இரவு கறியோ பன்னீரோ. பதினொரு மாதத்தில் பதினான்கு கிலோ குறைந்தது. சர்க்கரை 5.6க்கு வந்தது.

இதில் மந்திரம் எதுவும் இல்லை. மாவுச்சத்தைக் குறைத்தால் கல்லீரலும் தசையும் சேமித்து வைத்திருக்கும் கிளைகோஜன் கரைகிறது. அது பிடித்து வைத்திருந்த நீரும் வெளியேறுகிறது. முதல் வாரத்தில் மூன்று கிலோ குறைந்ததாக நான் துள்ளியதில் பெரும்பகுதி தண்ணீர்தான். அதன் பிறகே உடல் கொழுப்பை எரிக்கப் பழகுகிறது. முதல் பத்து நாள் தலைவலியும் எரிச்சலும். வகுப்பில் சொற்கள் நாக்குக்கு வரவில்லை. எலுமிச்சைச் சாற்றில் உப்புப் போட்டுக் குடித்துச் சமாளித்தேன். நான்காம் மாதம் சீப்பில் கொத்துக்கொத்தாக முடி வந்தது. பாராட்டியவர்கள் யாரும் இதைக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஆனால் சந்தோஷங்களும் இருந்தன. பெண்ணியவாதி என்பதால் அவற்றை மறைக்க வேண்டுமா என்ன? எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குழம்பில் ஈரலும் நல்லியும் அப்பாவுக்கும் அண்ணன்களுக்கும் போகும். அம்மாவும் நானும் குழம்பை ஊற்றிச் சோற்றைப் பிசைந்து சாப்பிடுவோம். கறியின் வாசம் இருக்கும், கறி இருக்காது. கல்யாணத்துக்குப் பிறகும் பரிமாறும் கரண்டி என் கையில் இருந்ததே தவிர, வழக்கம் மாறவில்லை. பேலியோ தொடங்கிய வாரம் கால் கிலோ ஈரலை மிளகு போட்டு வறுத்து முழுவதையும் நானே சாப்பிட்டேன். "டாக்டர் சொல்லியிருக்கார்" என்றதும் வீட்டில் யாரும் எதுவும் பேசவில்லை. வயிறார ஈரல் தின்ன ஒரு பெண்ணுக்கு மருத்துவச் சீட்டு தேவைப்படுகிறது என்பதை அன்று குறித்துக்கொண்டேன்.

எனக்கென்று தனியாகச் சமைத்ததும் அப்போதுதான். அதுவரை மிச்சத்துக்கு ஏற்ப என் பசியை வளைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு மாடி ஏறினால் மூச்சு வாங்கவில்லை. முழங்கால் வலி குறைந்தது. என் உடலைப் பற்றி நான் தொடர்ந்து யோசித்தேன், அதற்கு வேண்டியதைக் கொடுத்தேன். 1978இல் சூசி ஆர்பாக் பெண்ணின் பருமனைப் பெண்ணியப் பிரச்சினையாக முன்வைத்து எழுதினார். பெண் தன் பசியைத் தானே அறிய வேண்டும் என்பது அவர் வற்புறுத்திய ஒன்று. அவரோ உணவுக் கட்டுப்பாடுகளுக்கு எதிரானவர்; நானோ ஒரு கட்டுப்பாட்டுக்குள் போய்த்தான் என் பசியை அறிந்தேன். இந்த முரணை எந்தப் பக்கமும் என்னால் தள்ளிவிட முடியவில்லை.

பிறகு பார்வைகள் வந்தன. பத்து வருடம் என்னிடம் கையெழுத்து மட்டுமே வாங்கிப் போன சக பேராசிரியர் ஒருவர் "வயசே தெரியலையே மேடம்" என்றார். கவிதைத் தொகுப்பு வந்தபோது எழுதாதவர்கள் புகைப்படத்துக்கு எழுதினார்கள். ஏழு வருட உழைப்பில் முனைவர் பட்டம் வாங்கிய அன்றுகூட இத்தனை பேர் என்னை வாழ்த்தவில்லை. நான் அதைக் குடித்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன்: துறையில் பருத்த தோழி இரண்டாவது வடையை எடுத்தபோது, எனக்குள் ஒரு சின்ன இளப்பம் எழுந்தது. 'கொஞ்சம் மனசு வச்சா முடியுமே' என்று. ஒரு வருடம் முன்பு என்னைப் பார்த்து மற்றவர்கள் நினைத்ததை நான் அச்சாக அவள்மீது நினைத்தேன்.

மனசு வைப்பதில் என்ன இருக்கிறது? 2018இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 609 பேரை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மாவுச்சத்தையும் மற்றதற்குக் கொழுப்பையும் குறைத்து ஓராண்டு கவனித்த முடிவுகளை வெளியிட்டார்கள். சராசரி எடைக்குறைப்பில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை: ஒன்றில் 6.0 கிலோ, மற்றதில் 5.3. ஆனால் ஒவ்வொரு குழுவுக்குள்ளும் ஏகப்பட்ட வித்தியாசம். சிலர் மிக அதிகமாக இளைத்தார்கள், சிலருக்கு எடை கூடியது. உடல்கள் ஒன்றுபோல் இல்லை. எனக்குக் குறைந்தது என் ஒழுக்கத்துக்குக் கிடைத்த பரிசு என்றால், குறையாதவளின் உடல் அவளுக்குக் கிடைத்த தண்டனை என்றாகிவிடும். இதைத்தான் நாம் அன்றாடம் சொல்லாமல் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

உணவைக் கொண்டு பெண்ணுடலை ஆள்வது நமக்குப் புதிதல்ல. புறநானூற்றில் பூதப்பாண்டியனின் தேவி பெருங்கோப்பெண்டு தீப்பாயப் போகிறாள். தடுக்கும் சான்றோரிடம் அவள் அடுக்கிச் சொல்வது கைம்பெண்ணின் சாப்பாட்டை: நெய் தீண்டாத பிழிந்த சோறு, எள் துவையல், புளி சேர்த்த வேளைக்கீரை. இதைத் தின்று உயிர் வைத்திருப்பதைவிட நெருப்பே மேல் என்கிறாள். அந்த உணவுப் பட்டியலை எழுதியவர்கள் யாரோ. என் பட்டியலை எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டியவள் நானே. ஆனால் நானே எழுதியது என்பதாலேயே அது என் சுதந்திரம் ஆகிவிடுமா? கைம்மை நோன்பைத் தானே விரும்பி ஏற்றதாகச் சொன்ன பெண்களும் இருந்திருப்பார்கள்.

இன்னொரு முனையில் காரைக்கால் அம்மையார். கணவனுக்காகச் சுமந்த தசைப்பொதியைக் கழித்துப் பேயுருவம் தரும்படி இறைவனிடம் அவர் கேட்டதாகப் பெரியபுராணம் சொல்கிறது. அவரும் இளைத்தவர்தான். ஆனால் பார்வைகளிலிருந்து வெளியேற இளைத்தார். நான் தசையைக் கழித்து அந்தப் பார்வைகளுக்குள் இன்னும் ஆழமாகப் போனேன். நான் எதிர்த்து எழுதிவரும் ஓர் ஒழுங்கு எனக்குள் விதைத்த ஆசையை நான் நிறைவேற்றிக்கொண்டால், அது என் விருப்பமா, அதன் வெற்றியா? இந்தக் கேள்வியை ஒரு கருத்தரங்கக் கட்டுரையாக எழுதி முடித்திருப்பேன். இரண்டு பேர் அப்படி முடிக்க விடவில்லை.

ஒருவர் அம்மா. அவர் கரிசல்காட்டில் பிறந்தவர். கம்பும் சோளமும்தான் அன்றாடம். நெல்லுச்சோறு பொங்கலுக்கும் தீபாவளிக்கும் விருந்தாளி வரும் நாளுக்கும். தட்டில் வெள்ளைச் சோறு குவிவதுதான் அவருக்கு வறுமையை வென்றதன் அடையாளம். ஊருக்குப் போன அன்று சோறு வேண்டாம் என்றேன். "ஏட்டி, நாங்க அதுக்குத்தான ஏங்கிக் கெடந்தோம். நீ என்னட்டி வெசத்தப் பாத்த மாதிரி தள்ளுத?" என்றார். அன்று அவரும் சாப்பிடவில்லை. வாயில் வைக்கப் பிடிக்கவில்லையாம். இதைக் கேட்டு எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் அக்காவிடம் புலம்பினேன். அவர் மாதம் மூன்று கிலோ பாதாம் டப்பாவைத் துடைத்து வைத்தபடி சொன்னார்: "அரிசி ரேஷன்ல சும்மா கெடைக்கும்மா. வேற எது சும்மா கெடைக்கு, சொல்லுங்க?" 2011 முதல் இந்த மாநிலத்தில் ரேஷன் அரிசி இலவசம். அது எத்தனையோ அடுப்புகளை எரியவைத்திருக்கிறது. ஆனால் அரிசியைக் குறைத்து அந்த இடத்தில் முட்டையும் கறியும் கொட்டையும் வைப்பதற்குக் காசு வேண்டும். எங்கள் இருவர் வயதும் ஒன்று. அவருக்கும் சர்க்கரை இருக்கிறது.

இன்னொருத்தி என் மாணவி. வீட்டின் முதல் பட்டதாரியாகப் போகிறவள், விடுதியில் இருப்பவள். குறுந்தொகை வகுப்பு நடந்து இரண்டு மாதம் கழித்து நடைக்கூடத்தில் மயங்கி விழுந்தாள். மருத்துவமனைக்கு நான்தான் கூட்டிப்போனேன். ஹீமோகுளோபின் 7.8. எடை 52 கிலோ, அவள் உயரத்துக்குச் சரியான எடை. என்ன சாப்பிட்டாய் என்று கேட்டார் மருத்துவர். ஆறு வாரமாகச் சோறு, இட்லி, தோசை எதையும் தொடவில்லை. விடுதியில் அவற்றைக் கழித்தால் மிஞ்சுவது கொஞ்சம் பொரியலும் சாம்பாரும். வாரத்துக்கு இரண்டு முட்டை. ஏன் என்றார். அவள் என்னைப் பார்த்தாள்.

"நீங்க சோறு சாப்பிட மாட்டீங்கல்ல மேடம். சோத்த விட்டாப் போதும்னு நெனச்சேன்."

அவளுடைய இரத்தசோகை இந்த ஆறு வாரத்தில் வந்ததல்ல. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வு தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரத்தசோகை என்கிறது. அதே ஆய்வில் பத்தில் நான்கு பெண்கள் அதிக எடையோடும் இருக்கிறார்கள். ஒரே மாநிலம், ஒரே ஆய்வு. பல வீடுகளில் ஒரே உடலில்கூட இரண்டும் இருக்கும். மருத்துவர் இதையெல்லாம் சொல்லி என்னை ஆறுதல்படுத்தினார். ஆனாலும் அவள் வாயிலிருந்து வந்த அந்த வாக்கியத்தில் நான் இருந்தேன். வகுப்பில் வளையல் சரிந்தபோது பெருமையோடு சிரித்தது நான்தான். 6.3 என்ற எண்ணையோ உதிர்ந்த முடியையோ மூன்று கிலோ பாதாமையோ நான் அந்த வகுப்பில் சொல்லவில்லை. விளைவை மட்டும் அணிந்துகொண்டு அவர்கள் முன் நின்றேன்.

நோய்க்காக நான் உணவை மாற்றியதற்கு யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை என்றே இப்போதும் நினைக்கிறேன். உடல் லேசானதில் மகிழ்ந்ததற்கும் வெட்கப்பட மாட்டேன். ஆசை எங்கிருந்து வந்தது என்று துருவினால் எந்த ஆசைதான் கறையில்லாமல் மிஞ்சும்? கவிதை எழுதும் ஆசையில்கூடப் புகழாசை கலந்திருக்கிறது. என் தவறு வேறிடத்தில். என் இளைப்பை ஒரு நற்குணமாக மற்றவர்கள் வாழ்த்தியபோது மறுக்காமல் வாங்கிக்கொண்டேன். அந்த வாழ்த்தை வாங்கியதால் அதன் மறுபக்கமான இகழ்ச்சிக்கும் கையெழுத்துப் போட்டேன். வடை தின்ற தோழிமீது அது விழுந்தது. தன் உடலில் குறையே இல்லாத பெண்ணொருத்தியின் தட்டிலும் விழுந்தது.

அடுத்த வாரம் அதே வகுப்பில் அரை மணி நேரம் பாடத்தை நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அப்பாவின் கால், பரிசோதனை எண்கள், செலவு, முடி, இளப்பம் உட்பட. என் உடலைப் பற்றி முப்பத்தெட்டுப் பெண்கள் முன்னால் பேசுவது கூச்சமாகத்தான் இருந்தது. முடித்ததும் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒருத்தி, தன்னைப் பார்த்துவிட்டுப் போன மாப்பிள்ளை வீட்டார் கல்யாணத்துக்குள் பத்து கிலோ குறைக்கச் சொல்லியிருப்பதாகச் சொன்னாள். இன்னொருத்தி, வீட்டில் முட்டை தம்பிக்கு மட்டும்தான் என்றாள். மணி அடித்த பிறகும் பேச்சு ஓடியது.

இப்போது ஐந்து கிலோ திரும்பி வந்திருக்கிறது. மதியம் ஒரு கரண்டிச் சோறு சாப்பிடுகிறேன், சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. அம்மா வந்தால் அந்த ஒரு கரண்டியை அவர்தான் போடுவார், கரண்டி கொஞ்சம் பெரிதாகும். விடுதியில் வாரம் இரண்டு முட்டையை நான்காக்கக் கேட்டு மாணவியரும் நானும் கையெழுத்திட்ட மனு நிர்வாகத்திடம் இருக்கிறது, பதில் வரவில்லை. வளையல் மறுபடி மணிக்கட்டிலேயே நிற்கிறது. சென்ற வாரம் ஒரு தோழி பார்த்துவிட்டு, "என்னப்பா, மறுபடி போட்டுட்டீங்களே" என்று வருத்தப்பட்டாள். சுருக்கென்றது. இல்லை என்று சொன்னால் பொய். வீட்டுக்கு வந்து எடைபார்க்கும் கருவியில் ஏறப் போனவள், பாதி வழியில் நின்று, மனு என்ன ஆயிற்று என்று விடுதிக் காப்பாளருக்குப் போன் செய்தேன்.