பசியை அடக்குவதும் அகற்றுவதும்

உத்தமபாளையத்திலும் கம்பத்திலும் ரமலான் மாதம் அஸருக்குப் பின் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி மணக்கும். வயிறு கேட்கும், கை நீளாது. இவ்விரண்டும் சேர்ந்ததே நோன்பு. பசியே தெரியாதபடி மருந்து எடுத்துக்கொண்டவர் உண்ணாதிருந்தால், அதைப் பொறுமை எனலாமா?

பசியை ஆள்வதில் முக்கிய இடம் மூளையின் அடியிலுள்ள ஹைப்போதலாமஸ். கஞ்சா வழக்குகள் அடிக்கடி செய்தியாகும் நம் பள்ளத்தாக்கில், அதைப் புகைத்தவனுக்குப் பசி கிளம்புவது பலரும் அறிந்ததே. மூளையில் கஞ்சா பற்றும் அதே இடத்தை அடைத்துப் பசியைக் குறைக்க ரிமோனபான்ட் என்ற மாத்திரையைச் செய்தார்கள். உடல் இளைத்தது. ஆனால் சிலருக்கு மனம் சோர்ந்து, தற்கொலை எண்ணம் வரை போயிற்று. 2008-ல் ஐரோப்பாவில் நிறுத்தினார்கள். உணவின் ஆசையும் வாழ்வின் ஆசையும் பக்கத்துப் பக்கத்து வீடுகள் போலும்!

இப்போதைய செமாகுளூடைடு, உண்டபின் குடலில் சுரக்கும் ஜிஎல்பி-1 போலச் செயல்பட்டு, 'போதும்' என்று மூளைக்குச் சொல்கிறது. சர்க்கரை நோயாளிக்கும் உடற்பருமனால் அவதிப்படுபவருக்கும் அது சிகிச்சை. அவர்களைக் குறை கூற நமக்கு உரிமையில்லை. ஆனால் நோயேதுமின்றி, கல்யாணப் பிரியாணியில் கையை நிறுத்தத் தெரியாமல் ஊசியைத் தேடுவோர், நஃப்ஸை வென்றதாக எண்ண வேண்டாம். ஊசியை நிறுத்திய ஓராண்டில், இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டதாக 2022-ல் வந்த ஆய்வொன்று காட்டியது.