‘தண்ணி நிறையக் குடிங்க’

கோடைக்காலத்தில் மருத்துவர்கள் அதிகம் சொல்லும் வாக்கியம் இதுவாகத்தான் இருக்கும். அரசு விளம்பரப் பலகை, வானொலி, செல்பேசிக்கு வரும் குறுஞ்செய்தி எல்லாம் இதையே சொல்கின்றன. உண்மையான வாக்கியம்தான். வெயிலில் கடுமையாக உழைக்கும் உடலிலிருந்து ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் வியர்வைகூட வெளியேறும். அதை ஈடுகட்டாவிட்டால் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் குறையும். இதில் மறுக்க ஒன்றுமில்லை. ஆனால் ஓர் உண்மையைச் சொல்லக் கூடாத இடம் என்று ஒன்று உண்டா? சொல்லப்படும் ஆளைப் பொறுத்து உண்மையே அநீதி ஆகிவிடுமா? கொஞ்ச நாளாக இந்தக் கேள்வி என்னைக் குடைந்துகொண்டிருக்கிறது.

கேள்வியைக் கிளப்பியவள் விளாத்திகுளம் பக்கம் நோயாளிகளைப் பார்க்கும் என் தோழி. மருத்துவம் படித்தவள், கவிதை படிக்காதவள். நான் அதற்கு நேர்மாறு. மாலையில் வைப்பாற்றுப் பாலத்தின் மேல் நடக்கும்போது அன்றைக்கு வந்த நோயாளிகளைப் பற்றி, பேரைச் சொல்லாமல், புலம்புவாள். கிழக்கே உப்பளத்திலிருந்து வரும் பெண்களுக்குத் திரும்பத் திரும்ப ஒரே தொந்தரவு: நீர்க்கடுப்பு, அடிவயிற்று வலி, விட்டுவிட்டு வரும் காய்ச்சல். மாத்திரை எழுதுவாள். சரியாகிப் போவார்கள். ஆறு வாரத்தில் மறுபடி வருவார்கள். “தண்ணி நிறையக் குடிக்கணும்னு எத்தனை தடவ சொல்லுதேன்” என்று ஒருநாள் கடிந்துகொண்டபோது அந்த அம்மா அமைதியாகக் கேட்டாளாம்: “குடிச்சா எங்க போயி ஒதுங்க, டாக்டரம்மா?”

‘ஒதுங்க’ என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். ஒதுங்குவதற்கு ஒரு மறைப்பு வேண்டும். விளாத்திகுளத்தைச் சுற்றியுள்ள கரிசல் காட்டில் மிளகாய் பறிக்கிற, கரிமூட்டத்துக்கு விறகு வெட்டுகிற பெண்ணுக்கு வேலிக்கருவைப் புதராவது உண்டு. அதே வட்டத்தில் வைப்பாறு, வேம்பார் என்று கடலை நோக்கிப் போனால் நிலம் தட்டையாகிவிடும். உப்பளத்தில் புல்கூட முளைக்காது. பாத்தி, வரப்பு, பாத்தி, வரப்பு; நடுவில் வெள்ளை அம்பாரங்கள். அரை மைலுக்கு அப்பால் நிற்பவர் யாரென்று புடவை நிறத்தை வைத்தே சொல்லிவிடலாம். ஆண் வரப்போரமாகத் திரும்பி நின்றுகொள்வான். வாருபலகையை இழுத்துக்கொண்டிருக்கும் பெண் அந்த வெளிச்சத்தில் எங்கே போவாள்? வெயிலுக்கு அஞ்சி விடியலுக்கு முன்பே வேலைக்கு இறங்குகிறார்கள். கிளம்புவதற்கு முன் வீட்டில் ஒருதரம் போனால், திரும்பி வந்துதான் அடுத்தது. அதற்கு ஏற்றபடி வாயைக் கட்டுகிறார்கள். மாதவிலக்கு நாட்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

தாகத்தோடு இருப்பது இங்கே ஒரு திட்டம். அறியாமை என்று அதைச் சொல்பவர் கணக்குத் தெரியாதவர். எவ்வளவு குடித்தால் எத்தனை மணிக்கு முட்டும், முட்டினால் எவ்வளவு நேரம் அடக்கலாம், எந்த வரப்பில் யார் இருப்பார்கள் என்று ஒவ்வொரு பெண்ணும் தன் உடலை வைத்துப் போடும் கணக்கு அது.

இந்தக் கணக்கை ஆய்வுலகம் எப்போது கவனித்தது? சென்னை போரூரிலுள்ள ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தின் பேராசிரியர் வித்யா வேணுகோபாலும் அவரது குழுவினரும் 2014-15இல் தென்னிந்தியாவில் மூன்று தொழில்துறைகளைச் சேர்ந்த 312 பெண் தொழிலாளர்களிடம் ஆய்வு நடத்தி 2016இல் வெளியிட்டார்கள். வெப்பத்தை அளந்தார்கள், உடல் சூட்டை அளந்தார்கள், வியர்வையை அளந்தார்கள், சிறுநீரின் அடர்த்தியை அளந்தார்கள். 71 விழுக்காட்டுப் பெண்கள் பாதுகாப்பான வரம்பைத் தாண்டிய வெப்பத்தில் வேலை செய்துகொண்டிருந்தார்கள். வேலையிடத்தில் கழிப்பறை இல்லாத, அல்லது இருந்தும் போதாத 200 பெண்களில் 87 விழுக்காட்டினர் சிறுநீர், பிறப்புறுப்புத் தொந்தரவுகள் அவ்வப்போது வருவதாகச் சொன்னார்கள்.

இதே குழு பின்னர் உப்பளங்களுக்குப் போனது. தமிழ்நாட்டின் ஏழு உப்பளங்களில் 352 தொழிலாளர்கள். பத்தில் ஒன்பது பேர் வரம்பு மீறிய வெப்பத்தில் இருந்தார்கள். 7 விழுக்காட்டினருக்குச் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் குறைந்திருந்தது. இங்கே வெப்பம் என்பது நாம் செய்தியில் கேட்கும் டிகிரிக் கணக்கு இல்லை. நிழலில் மாட்டிய வெப்பமானி காட்டுவது காற்றின் சூட்டை மட்டும்தான். ஈரக் குமிழ் கோள வெப்பநிலை என்று ஓர் அளவு உண்டு. காற்றின் ஈரம், நேர் வெயில், வீசும் காற்று எல்லாவற்றையும் சேர்த்து உடல் படும் பாட்டைக் கணிப்பது. கடுமையான வேலைக்கு அதில் 27.5 டிகிரியைத் தாண்டக் கூடாது என்று வைத்துக்கொள்கிறார்கள். கரிசலில் வெயில் காய்ச்சும், ஆனாலும் வியர்வை உலரும். கடற்கரையில் உலராது. உலராத வியர்வை உடலைக் குளிர்விக்காது. வீணாகப் போகும் தண்ணீர் அது.

2024இல் இன்னொன்று வந்தது. தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து பார்த்ததில், கடும் வெப்பத்தில் வேலை செய்தவர்களுக்குக் கருச்சிதைவும் குழந்தை இறந்து பிறப்பதும் ஏறத்தாழ இரு மடங்காக இருந்தன. தோழி இதைப் படித்துவிட்டு என்னிடம் சொன்னாள்: “எங்க பாட்டிக்குத் தெரிஞ்சதுதான இது? ‘புள்ளத்தாச்சிய வெயில்ல அனுப்பாதீங்க’ன்னு அவ சொல்லலையா?”

சொன்னாள்தான். அதனால் ஆய்வு தேவையில்லாதது என்று ஆகிவிடுமா? இந்த இடத்தில் நானும் அவளும் ரொம்ப நாள் சண்டை போட்டிருக்கிறோம். என் பக்கம் இது: அந்த 87 விழுக்காடு என்ற எண்ணை எடுத்துப் பாருங்கள். அது கருவியிலிருந்து வந்ததா? பெண்களிடம் கேட்டு, அவர்கள் சொன்னதைக் கூட்டி வந்தது. ஒரு பெண் சொன்னால் அது புலம்பல். இருநூறு பெண்கள் சொன்னதைப் பல்கலைக்கழகம் கூட்டினால் அது தரவு. சொன்னது ஒன்றுதான், சொல்பவரின் மதிப்புத்தான் மாறியிருக்கிறது. ஆங்கிலத் தத்துவவாதி மிராண்டா ஃபிரிக்கர் 2007இல் எழுதிய நூலில் இதற்கு அறிவு சார்ந்த அநீதி என்று பெயர் வைத்தார். ஒருவர் யார் என்பதை வைத்து அவர் சொல்லின் நம்பகத்தைக் குறைத்துவிடுவது. அதனால் அவரை அறிபவர் என்ற நிலையிலிருந்தே தள்ளிவிடுவது. அந்த 2016 ஆய்வில் எனக்குப் பிடித்த இடம், கருவிகள் காட்டிய உடல் அளவுகள் பெண்கள் சொன்னதோடு ஒத்துப்போயின என்று அது பதிவுசெய்வது. கருவிதான் பெண்ணின் சொல்லுக்குச் சாட்சி சொல்ல வந்திருக்கிறது.

தோழியின் பக்கமும் வலுவானது. “நீ சாட்சி, அநீதின்னு பேசிக்கிட்டு இரு. எம் முன்னால ஒருத்தி காய்ச்சலோட உக்காந்திருக்கா. அவளுக்கு நான் தண்ணி குடின்னு சொல்லாம என்ன சொல்ல? நான் கக்கூஸ் கட்டவா?” என்று கேட்பாள்.

செய்ய முடிந்ததைத்தான் ஒருவர் செய்ய வேண்டும் என்று நாம் சொல்ல முடியும் என்பது காண்ட் காலத்திலிருந்து அறவியலில் அடிப்படை. முடியாததைக் கடமையாக்கினால் அது கடமை ஆகாது, பழியாகும். ‘தண்ணி குடி’ என்பதில் நடப்பது இதுதான் என்று நினைக்கிறேன். அறிவுரை ஒரு பண்டமாற்றுப் போல வேலை செய்கிறது. சொன்னவர் கையிலிருந்து பொறுப்பு கேட்டவள் கைக்கு மாறிவிடுகிறது. அடுத்த முறை காய்ச்சலோடு வந்தால், சொன்ன பேச்சைக் கேட்காதவளாக வருகிறாள். கழிப்பறை கட்டாத முதலாளி அந்த அறையில் எங்குமே இல்லை. அவர் பேர் மருந்துச் சீட்டில் வராது. தோழியை நான் குறை சொல்லவில்லை. நோயாளி ஒருத்திக்கு இரண்டு நிமிடம் கிடைத்தால் அதிகம் என்ற ஏற்பாட்டில் அவளும் ஒரு கூலிதான், கொஞ்சம் கூடுதல் கூலி.

வெப்பத்தில் உழைப்பவர்களுக்காக அமெரிக்கத் தொழிலாளர் துறை நடத்தும் பிரச்சாரத்துக்கு மூன்றே சொற்கள்: தண்ணீர், ஓய்வு, நிழல். அழகான சுருக்கம். எல் சால்வடாரிலும் நிகரகுவாவிலும் கரும்பு வெட்டும் ஆட்கள் இளவயதிலேயே சிறுநீரகம் கெட்டுச் செத்த பிறகு, அங்கும் இவற்றையே மருந்தாக முன்வைத்தார்கள். வெட்டுபவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். கரும்புத் தோட்டத்தில் மறைவுக்கும் பஞ்சமில்லை. அந்த மூன்று சொற்களைத் தூத்துக்குடி உப்பளத்தில் ஒரு பெண்ணிடம் கொண்டுவந்து கொடுத்தால் முதல் சொல்லிலேயே தட்டும். நான்காவது சொல் இல்லாமல் முதல் சொல் அவளுக்கு உதவாது.

அந்த நான்காவது சொல்லை உரக்கச் சொன்னவர்களும் இருக்கிறார்கள். கோழிக்கோட்டில் துணிக்கடைப் பெண்களுக்காகப் பி. விஜி தொடங்கிய ‘பெண்கூட்டு’ அமைப்பு மூத்திரப்புரை கேட்டுத்தான் முதலில் தெருவில் இறங்கியது. அந்தப் பெயரைக் கேட்டுச் சிரித்தவர்கள் நிறைய. உட்கார நாற்காலி வேண்டும் என்ற கோரிக்கை அதைத் தொடர்ந்து வந்தது. 2018இல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது, 2021இல் தமிழ்நாடும் கடைகளில் இருக்கை கொடுக்க வேண்டும் என்று திருத்தியது. நம் ஊரில் நாற்காலியைப் பற்றிப் பேசினோம். மூத்திரப்புரையைப் பற்றி அவ்வளவு பேசவில்லை. நாற்காலி கண்ணியமான சொல்.

அதே 2021 ஜூனில் தமிழ்நாட்டில் இன்னொரு உத்தரவு வந்தது. முக்கியப் பிரமுகர்கள் போகும் சாலைகளில் பெண் காவலர்களைப் பாதுகாப்புக்கு நிறுத்தக் கூடாது என்று. மணிக்கணக்கில் வெயிலில் கழிப்பறை இல்லாமல் நிற்கும் கொடுமை தீர்ந்தது என்று எல்லோரும் பாராட்டினார்கள், நானும் மகிழ்ந்தேன். பிறகு யோசித்தால் சங்கடமாக இருந்தது. கழிப்பறை சாலைக்கு வரவில்லை, பெண் சாலையிலிருந்து போனாள். கர்ப்பிணிகள் பற்றிய ஆய்வை வைத்துக்கொண்டு நாளை உப்பளத்திலும் இதையே செய்யலாம். பெண்ணுக்கு வெயில் ஆகாது என்று மருத்துவம் சொல்லிவிட்டது, ஆகவே வேலைக்கு வராதே என்று. அந்தக் கூலியில்தான் அடுப்பு எரிகிறது என்பது அந்த ஆய்வின் அட்டவணையில் இருக்காது. ஆய்வு முடிவு நம் கைக்கு வரும்போது கொஞ்சம் பயத்தோடு வாங்க வேண்டும் என்று மாணவிகளிடம் நான் சொல்வது இதனால்தான்.

வெப்ப அலையை மாநிலப் பேரிடராக 2024 அக்டோபரில் தமிழ்நாடு அறிவித்தது. வெயிலில் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய். நல்லதுதான். ஆனால் பேரிடர் என்ற சொல் சட்டென்று விழுந்து சாகிறவரைத்தான் பார்க்கிறது. முப்பது வருடம் அடக்கி அடக்கி மெதுவாகக் கெடும் சிறுநீரகத்தை எந்த நாளில் பேரிடர் என்று பதிவுசெய்வது? ராஜம் கிருஷ்ணன் ‘கரிப்பு மணிகள்’ நாவலில் தூத்துக்குடி உப்பளத்தை எழுதி நாற்பது வருடங்களுக்கு மேலாகிறது. நான் அதை வகுப்பில் நடத்தும்போது, கையில் கால்குலேட்டர் வைத்திருப்பது போன்ற முகத்தோடு ஒரு மாணவி எப்போதும் கேட்பாள்: “மேம், இப்ப மாறிருச்சா?” அப்படிக் கேட்பவர்கள் பெரும்பாலும் கிராமத்துப் பேருந்தில் காலை ஆறரைக்கு ஏறி, மாலை வீடு போகும்வரை ஒரு பாட்டில் தண்ணீரைத் திறக்காமலே திருப்பிக் கொண்டுபோகும் பெண்கள்.

தோழி ஒன்றை மாற்றிக்கொண்டாள். ‘தண்ணி குடிக்கீங்களா’ என்று கேட்பதற்கு முன்னால் “வேல பாக்குற எடத்துல கக்கூஸ் இருக்கா?” என்று கேட்கிறாள். இல்லை என்றால் சீட்டில் எழுதுகிறாள். அதற்கென்று கட்டம் கிடையாது என்பதால் ஓரத்தில், வயது, எடை, ரத்த அழுத்தத்துக்குப் பக்கத்தில்: வேலையிடத்தில் கழிப்பறை இல்லை. எழுதி என்ன ஆகும் என்று அவளுக்கே தெரியாது. ஆனால் காரணம் என்று மருத்துவத்தில் ஒன்று இருந்தால் அது அந்தத் தாளில் இருக்க வேண்டும் என்கிறாள். இந்த முறை நான் அவளோடு சண்டை போடவில்லை.

போன மாதம் ஒரு பெண் அந்தச் சீட்டை வாங்கி மெதுவாக எழுத்துக்கூட்டிப் படித்தாளாம். “இத அடிச்சிருங்க டாக்டரம்மா. லீவுக்கு இந்தச் சீட்டத்தான் கங்காணிகிட்ட காட்டணும். வேலைக்கு வரச் சொல்ல மாட்டாரு.”

தோழி பேனாவை எடுத்து அடித்துக் கொடுத்தாள். தன்னிடமிருந்த நோட்டில் மட்டும் அடிக்காமல் வைத்துக்கொண்டாள்.