பதினெட்டு என்னும் எண்ணின் ஏற்றம்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

நம் முன்னோர் எண்களைக் கணக்குக்கென்று மட்டும் கொண்டாரல்லர். ஒன்று என்றால் பரம்பொருளும், மூன்று என்றால் ரஹஸ்யங்களும், எட்டு என்றால் திருமந்திரத்தின் எழுத்துக்களும், பன்னிரண்டு என்றால் ஆழ்வார்களும், நூற்றெட்டு என்றால் திவ்யதேசங்களும் அடியார்களின் நினைவுக்கு வருதல் இயல்பு. இவற்றிடையே பதினெட்டு என்னும் எண்ணுக்குத் தனியானதோர் ஏற்றம் உண்டு.

புராணங்கள் 18. அவற்றுள் ஸ்ரீமத் பாகவதம் 18,000 கிரந்தங்கள் கொண்டது என்பர் பெரியோர். மகாபாரதத்தின் பர்வங்கள் 18. குருக்ஷேத்திரப் போர் நடந்த நாட்கள் 18. இருபுறமும் திரண்ட சேனை 18 அக்ஷௌஹிணி. ஓர் அக்ஷௌஹிணியில் தேர்கள் 21,870, யானைகள் 21,870, குதிரைகள் 65,610, காலாட்கள் 1,09,350. இவற்றுள் எத்தொகையின் இலக்கங்களைக் கூட்டினும் 18 என்றே வரும். மேலும் பாரதத்துக்கு ‘ஜய’ என்றொரு திருநாமம் உண்டு. எழுத்துக்கு எண் கொள்ளும் கடபயாதி முறையில் ‘ஜ’ 8, ‘ய’ 1. அம்முறைப்படி வலமிருந்து இடமாகப் படிக்க, அதுவும் 18 ஆகிறது.

ஆயினும் எண்ணிக்கை வெற்றி தருமோ? துரியோதனன் பக்கம் 11 அக்ஷௌஹிணி. பாண்டவர் பக்கம் ஏழு. துவாரகையில் துரியோதனன் பெரும் சேனையைப் பெற்று மகிழ்ந்தான். அர்ஜுனனோ ஆயுதம் ஏந்தாத கண்ணன் ஒருவனையே வேண்டினான். எண்ணியவன் தோற்றான்; ஒருவனைப் பற்றியவன் வென்றான்.

கீதையும் இதனையே உணர்த்துகிறது. அதன் அத்தியாயங்கள் 18. கர்மம், ஞானம், பக்தி என்னும் வழிகளையெல்லாம் விரித்துரைத்த பகவான், பதினெட்டாம் அத்தியாயத்தின் 66ஆம் சுலோகத்தில், தன் ஒருவனையே சரணம் பற்றுமாறும், பாவங்களினின்றும் தானே விடுவிப்பதாகவும், துயரம் வேண்டாவென்றும் அருளிச்செய்தான். இதுவே சரம சுலோகம் எனப் போற்றப்படுவது. பதினெட்டு வரை எண்ணி வந்தவனுக்குக் கிடைத்தது ஒன்று.

இவ்வெண் நம் ஸம்ப்ரதாயத்தில் நிலைபெற்றது திருக்கோட்டியூரிலே. ஆளவந்தாரின் சீடரான திருக்கோட்டியூர் நம்பியிடம் ரஹஸ்யார்த்தம் பெற வேண்டி, எம்பெருமானார் திருவரங்கத்திலிருந்து 18 முறை நடந்து சென்றார் என்பது குருபரம்பரை வரலாறு. முன்சென்ற ஒவ்வொரு முறையும் நம்பி திருப்பி அனுப்பினார். மறுத்தது வெறுப்பாலன்று. பொருளின் அருமையும், கேட்பவரின் தாகமும் உலகுக்கு விளங்க வேண்டுமன்றோ!

இங்கு ஒன்று கருதத்தக்கது. பதினெட்டு முறை நடந்ததற்குக் கூலியாகக் கிடைத்ததன்று அப்பொருள். கூலியாயின் கணக்குத் தீர்ந்தவுடன் கேட்டு வாங்கலாம். ஆசாரியனின் திருவுள்ளம் இரங்கியதனாலேயே அது கிடைத்தது. நடந்த நடை, ‘என் முயற்சியால் பெற்றேன்’ என்னும் நினைவு தேய்வதற்கே ஆயிற்று. அந்த நினைவு தேய்ந்தவரிடம் பெற்ற பொருள் தேங்கி நில்லாது. ஆகையால் தமக்கு நரகமே வாய்ப்பினும் பலர் உய்வர் என்று திருவுள்ளம் பற்றி, ஆசையுடையோர் அனைவருக்கும் உடையவர் அதனை வெளியிட்டருளினார். இக்கருணையைக் கண்டு வியந்த நம்பி, அவரையே ‘எம்பெருமானார்’ என்று அழைத்து அணைத்துக்கொண்டார். நாம் பதினெட்டு நடையைப் போற்றுவது, அதன் பயன் ஒருவரோடு நின்றுவிடாமையால் அன்றோ? பிற்காலத்தில் பிள்ளை லோகாசாரியர் 18 ரஹஸ்ய கிரந்தங்களை அருளிச்செய்ததும் இக்கருணையின் தொடர்ச்சியே.

திருக்கோட்டியூர் அமைந்த பாண்டிய நாட்டுத் திவ்யதேசங்களும் 18. அவற்றுள் ஒன்றான திருமாலிருஞ்சோலையில் பதினெட்டாம்படிக் கருப்பண்ணசுவாமி காவல் நிற்கிறார். அழகரின் சக்தியைக் கவர வந்த மந்திரவாதிகள் பதினெண்மர் அங்கே படிகளாய் அடங்கினர் என்பது நாட்டு வழக்கு. மூடிய கதவுகளே அங்குச் சந்தனம் சார்த்தி வழிபடப்படுகின்றன. அப்படியில் நின்று பொய்ச் சத்தியம் செய்ய எவரும் துணியார். சாஸ்திரம் கற்றவருக்குப் பதினெட்டு சரணாகதியை உணர்த்துகிறது; கல்லாதவருக்கு அதே பதினெட்டு வாய்மையை உணர்த்துகிறது. கவர வந்தவனுக்கு அப்படிகள் தடை. கைகூப்பி வந்தவனுக்கோ துணை.

பல்லாண்டுகள் சேவித்தும் வேண்டியது கைகூடவில்லையே என்று மனம் தளர்ந்து வரும் அடியார்கள் திருவிழாக் கூட்டத்திலே பலர் இருப்பர். மகளின் மணமோ, மகனின் பிணியோ அவர்கள் நெஞ்சை அழுத்தும். அவர்கள் திருக்கோட்டியூர் வழியை நினைக்கக் கடவர். திரும்பி வந்த பதினேழு நடைகளில் ஒன்றும் வீணாகவில்லை. இந்த வருகை எத்தனையாவது என்று நாம் எண்ண வேண்டுவதில்லை. கதவு திறக்கும் நாளை அவன் அறிவான். திறந்த நாளில், பெற்ற பிரசாதத்தை அருகில் நிற்பவருக்கும் பகிர்ந்தளிப்பதே உடையவர் காட்டிய நெறி.

அந்நெறி நின்று அனைவரும் எம்பெருமான் திருவருளுக்குப் பாத்திரராவாராக!